பம்பு தின்றது போக

மேடையில் வீற்றிருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் கியுனா அவர்களே, ஊர் மன்றத்துப் பெரியவர்களே, இறாலும் கடல் திராட்சைப் பாசியும் வளர்க்கும் என் தீவு மக்களே, முன்வரிசையில் கண்ணீரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் மறைந்தவரின் மனைவி ஹருமி அண்ணி அவர்களே, தலைவணங்குகிறேன். நான் யோனமினே. நம் கடல் வெப்ப மின் நிலையத்தின் பம்பு அறையில், பொறியாளர் ஜஹானா மொரினோபு அவர்களோடு கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவன். இன்று குரல் கரகரப்பது அதனால் மட்டும் இல்லை.

வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே படத்தில் மொரினோபு அண்ணன் டை கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் டை கட்டி யாராவது பார்த்ததுண்டா? படத்தில் டையை ஒட்டவைத்திருக்கிறார்கள். அவருக்குப் பொய் பிடிக்காது என்று தெரியாதா?

மேலே சூடான தண்ணீர், ஆழத்தில் குளிர்ந்த தண்ணீர். இரண்டுக்கும் இடையே இருபது டிகிரி. அந்த இருபது டிகிரியை நம்பி ஒரு மனிதர் தம் ஆயுளைக் கொடுத்தார். எடுக்கும் வெப்பத்தில் நூற்றில் மூன்று பங்குதான் மின்சாரமாகும். அதிலும் பெரும்பகுதியை, ஆழத்துத் தண்ணீரை இழுக்கும் பம்பே தின்றுவிடும். ஊரில் என்ன கேலி! "என்ன மொரினோபு, ஒம் மாடு தான் கறக்கிற பாலத் தானே குடிச்சிருதாமே?" என்று கியுனா அவர்களே கேட்டதுண்டு. "எனக்கும் ஒரு வாய் மிச்சம் வைக்கும், பாத்துக்கிட்டே இரு" என்பார் அவர்.

அந்த ஒரு வாய்க்காகவே நிலையத்து வாசலில் ஒரு விளக்கு வைத்தார். ஊர் மின்கம்பியோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பம்பு தின்றது போக மிச்சம் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. முதல் இரண்டு ஆண்டுகள் அது எரியவே இல்லை. குழாயின் வளைவுகளை நிமிர்த்தியவர் யார்? வெப்பத் தகடுகளில் படியும் பாசியை வாராவாரம் சுரண்டியவர் யார்? பம்பின் பசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தவர் யார்? விளக்கு எரிந்தது. பிறகு அலுவலகத்து விளக்குகளும் எரிந்தன. பிறகு இறால் குஞ்சுப் பண்ணையே அதில் ஓடியது.

போன செப்டம்பரில், நிலையம் தொடரலாமா என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து வந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் புயல் கடலைப் புரட்டிப் போட்டிருந்தது. மேல் தண்ணீரே குளிர்ந்து கிடந்தது. நான் கெஞ்சினேன். "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் பம்ப ஊர்க் கம்பியில போட்டுக்குவோம். வெளக்கு ஜம்முனு எரியும். யாருக்குத் தெரியப் போவுது?"

"தெரியாதுதான். ஆனா நாளைக்கு நெசமாவே எரியுறப்ப, அத நான் எப்படிடா நம்புறது?" என்றார். "புயல் வந்தா கடல் குளிரும். விவரம் தெரிஞ்சவங்க, சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். அணைந்த விளக்கைப் பார்த்தார்கள், பாகற்காய்ப் பொரியலைப் பாராட்டிச் சாப்பிட்டார்கள், விமானம் ஏறினார்கள். அடுத்த வாரமே வெயில் அடித்து விளக்கு பளிச்சென்று எரிந்தது. பார்க்க அவர்கள் இல்லை. நிலையத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வைத்தியர் வயிற்றில் கட்டி என்றார். நான் அதை மட்டும் காரணமாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மருத்துவமனையில் கடைசியாக என்னிடம் கேட்டது, "தண்ணி இன்னிக்கு எவ்வளவு?" "இருபத்தொம்பது டிகிரிண்ணே." "அப்ப எரியுதுல்ல?" "எரியுதுண்ணே." கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியவர்களே, இந்த இடத்தில் நான் உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். அவர் பணியைத் தொடர்வோம் என்று எதை வைத்துச் சொல்வேன்? இந்த மாதக் கடைசியில் பம்பு நிற்கிறது. நிறுத்தும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. குழாயின் வாயை அடைத்துவிடுவார்கள். தொடர்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை.

சற்று முன் தலைவர் அவர்கள் அன்போடு ஓர் அறிவிப்புச் செய்தார். அந்த விளக்கை ஊர்க் கம்பியில் இணைத்து, அவர் நினைவாக என்றென்றும் எரியவிடப் போவதாகச் சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். கையெடுத்துக் கேட்கிறேன், வேண்டாம்.

மொரினோபு அண்ணே, இனி உங்களிடமே பேசுகிறேன். உங்களுக்குப் படைத்த இந்த அவாமோரிச் சாராயக் கோப்பையைத் தொட்டுச் சொல்கிறேன். என்னால் முடிந்தது இது ஒன்றுதான். பம்பு நின்ற பிறகு, நான் உயிரோடு இருக்கும்வரை, அந்த விளக்கில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். அது இருட்டாகவே இருக்கும், அண்ணே.