மூக்குக்கு மேலே ஒரு சல்லடை

— கைக்குட்டைய மூக்குல வெச்சுக்கிட்டே சொன்னா எப்படி அண்ணி? கைய எடுங்க. திரும்ப மோந்து பாருங்க.

— பாத்தாச்சும்மா. ஒண்ணும் தெரியல. எழுதிக்கோ, மூணாம் நம்பர் பாட்டிலும் சைபர்.

— ஒண்ணும் தெரியாதவங்க எதுக்குப் பின்னால சாஞ்சீங்க?

— நாற்காலி ஆடுது. உங்க ஆஸ்பத்திரி லட்சணம்.

— அண்ணி... தினம் இருபது மூக்கப் பாக்குறவ நான். வாசன தெரியாதவங்க பொம்மை மாதிரி உக்காந்திருப்பாங்க. நீங்க பாட்டில் பக்கத்துல வரும்போதே மூச்சப் புடிக்கிறீங்க.

— உனக்குச் சந்தேக புத்தி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தானாம், உங்க அண்ணனே சொல்லியிருக்காரு.

— பேச்ச மாத்தாதீங்க. மூணாம் நம்பர் காப்பிப் பொடி. உங்களுக்கு என்ன வந்துச்சு?

— விடும்மா. நாத்தனார்கிட்ட சொல்ற விஷயமில்ல.

— இங்க நான் நாத்தனார் இல்ல. வெள்ளக் கோட்டு போட்டிருக்கேன் பாருங்க. சொல்லுங்க.

— டயர் எரியற மாதிரி. சாக்கடைக்குள்ள டயரப் போட்டு எரிச்சா எப்படியோ, அப்படி.

— எத்தன நாளா?

— ஒரு மாசம் இருக்கும். வண்டியிலேருந்து விழுந்தப்புறம் மூணு மாசம் சுத்தமா ஒண்ணுமே தெரியல. பால் அடிப்புடிச்சாக்கூட புகையப் பாத்துதான் ஓடுவேன். அப்புறம் ஒரு நாள்... இப்படி. வெங்காயம் வதக்குனா, காப்பி போட்டா, எல்லாம் ஒரே நாத்தம். மூளையே கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன்.

— அய்யோ, இத வெச்சுக்கிட்டா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? இது நல்ல சேதி அண்ணி!

— நாத்தம் நல்ல சேதியா?

— புருவத்துக்கு நடுவுல தொடுங்க... ஆங். அதுக்கு உள்ள, மூக்கோட கூரையில, சல்லடை மாதிரி ஒரு சின்ன எலும்பு. மேல மூளை, கீழ மூக்கு. முடியவிட மெல்லிசா நரம்புங்க அந்த ஓட்டைங்க வழியா மேல போகுது. நீங்க பின்மண்டை அடிபட விழுந்தப்ப மூளை உள்ள குலுங்கி...

— அறுந்துபோச்சு. டாக்டர் சொன்னாரே.

— அறுந்தது முளைக்கும்னும் சொன்னாரா? கண்ணு நரம்பு போனா போனதுதான். மூக்கு நரம்பு புதுசா வளரும். ஆனா வளரும்போது, ஒண்ணு போக வேண்டிய எடத்துக்கு இன்னொண்ணு போயிடும்.

— எலெக்ட்ரீஷியன் ஃபேன் சுவிட்சுல லைட்டக் குடுத்த மாதிரி.

— அதேதான்! தினம் மோந்து மோந்து பழகினா, கொஞ்சம் கொஞ்சமா சரியாகும்.

— எவ்வளவு நாள்?

— பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம். முழுசா வராமலும் போகலாம். சரி, இத எதுக்கு மறைச்சீங்க?

— உங்கிட்ட எப்படிச் சொல்றது...

— ஏன், நான் கடிச்சா திங்கப்போறேன்?

— உங்க அண்ணன் வேலை முடிஞ்சு வராரில்ல... நாள் முழுக்க பேக்கரி அடுப்புல நின்னுட்டு. முன்னெல்லாம் கதவத் திறந்ததும் சூடான ரொட்டி வாசம். பதினோரு வருஷம் அந்தத் தோள்லதான் தூங்கினேன். இப்ப அவரு செருப்பக் கழட்டுறதுக்குள்ள எனக்குக் குமட்டுது. முதுகு வலின்னு சொல்லிட்டு அடுத்த ரூமுல படுக்குறேன்.

— அடக் கடவுளே... அண்ணன் என்ன நெனைக்குது தெரியுமா? வண்டி ஓட்டினது தான்தானே, அந்தக் கோவம் உங்களுக்கு இன்னும் போகலன்னு.

— கோவமா! கடை மூடிருவான், வேகமாப் போங்கன்னு முதுகுல குத்தினதே நான்தான்.

— அத அண்ணன்கிட்ட சொல்லலாமில்ல?

— சொன்னா, அப்புறம் ஏன் தள்ளிப் படுக்குறேன்னு கேப்பாரு. ரொட்டி சுடுறதத் தவிர வேற தொழில் தெரியாத மனுஷன்கிட்ட, உங்க மேல நாறுதுன்னு எப்படிம்மா சொல்றது?

— ம்... சரி, கண்ண மூடுங்க. இன்னும் ஒண்ணு பாக்கி.

— போதும். இன்னொரு டயர் நாத்தம் வேண்டாம்.

— கடைசி. எனக்காக. மெதுவா இழுங்க... என்ன அண்ணி? எரியுதா?

— இல்ல... காப்பி மாதிரி இல்ல. என்னவோ உப்பு மாதிரி... வேர்வ காஞ்ச துணி மாதிரி. நல்ல வாசனைன்னு சொல்ல முடியாது. ஆனா... எடுக்காத, இரு. இன்னொரு தடவ காட்டு.

— குமட்டலயே?

— இல்லம்மா. விட மனசு வரல. என்னது இது? எத்தனாம் நம்பர்?

— நம்பர் கெடையாது. உங்களுக்குச் சொல்லாம லீவு போட்டு ரெண்டு நாள் அடுப்புப் பக்கமே போகாம அண்ணன் போட்டிருந்த பனியன். நீங்க பன்னுப் பொட்டலத்த யாருக்கும் தெரியாம வெளிய கொண்டுபோய்ப் போட்டத அது பாத்திருக்கு. காலையில தானே பனியன்ல ஒரு துண்டு கத்தரிச்சு எடுத்துட்டு வந்து குடுத்துச்சு. 'உன் அண்ணிக்கு வெறுப்பு எம் மேலயா, ரொட்டி மேலயா... அத மட்டும் பாத்துச் சொல்லு'ன்னு.