பறங்கித் தாத்தா

— உங்க பல்லுக்கு ஒரு குறையும் இல்லையே ஒஸ்வால்ட். பிறகு என்னத்துக்கு மருதானைச் சீனப் பல்டாக்டர்கிட்ட போறீங்க?

— ஆர் சொன்னது நான் போறன் எண்டு?

— யாரும் சொல்லல. போன கிழமை நானே பாத்தேன். ஆய்வுக்காக டாக்டரைப் பேட்டி எடுக்கப் போறேன், வாசல்ல உங்க மோட்டார்சைக்கிள் நிக்குது.

— கடவுளே! கலியாணத்துக்கு முதலே உளவு பாக்கத் தொடங்கிட்டீர். கடைவாய்ப் பல்லு, மேனகா. இடைக்கிடை குத்தும்.

— இங்க கொட்டாஞ்சேனையில உங்க தெருவுலயே பல்டாக்டர் இருக்காரே.

— அவரின்ர ஊசி நோகும்.

— சரி. அப்ப தோடம்பழம்?

— என்ன தோடம்பழம்?

— சீனப் புதுவருஷத்துக்கு வருஷா வருஷம் ஒரு தமிழ் ஆள் ஒரு பை தோடம்பழத்தோட வருவாராம். பேர் சொல்லமாட்டாராம், ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம வெச்சிட்டு ஓடிருவாராம். டாக்டர்தான் சொன்னாரு. அவங்கப்பா உயிரோட இருந்த காலத்துலருந்து நடக்குதாம். அன்னைக்கும் அவர் மேசையில ஒரு பை இருந்துச்சு.

— ஆசிய வரலாறு எம்.ஏ. எண்டா அசோகச் சக்கரவர்த்தி, செங்கிஸ்கான் எண்டு படிப்பினம் எண்டெல்லே நினைச்சன். நீர் என்ர வாயைத் திறந்து பாக்கிறீர்.

— எனக்கு ஆசியா கொட்டாஞ்சேனையிலதான் கெடச்சுச்சு. யோசிச்சுப் பாருங்களேன். சீனாவுல பொறந்த மனுசன் கப்பலேறி இங்க கொழும்புக்கு வர்றான். சைக்கிள் கெரியர்ல துணி மூட்டையைக் கட்டிக்கிட்டு தெருத் தெருவா விக்கிறான். எந்தப் பாஷையில விலை பேசியிருப்பான்? காய்ச்சல் வந்தா யாரு கஞ்சி வெச்சுக் குடுத்திருப்பா? எங்க பூட்டனும் கப்பல்ல வந்தவருதான், தேயிலைத் தோட்டத்துக்கு. அவரைப் பத்தி வீட்டுல கேட்டா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. வாயை மூடுற இடத்துலதான் எனக்குக் கேள்வி வருது.

— கேட்டு எழுதுமன். நான் மறிச்சனானே?

— எழுதிட்டேன். ஆனா ஆய்வுக்கு வழிகாட்டுற மேடம் கறாராச் சொல்லிட்டாங்க. துணி வித்தவங்களோட பிள்ளைங்கள்ல ஒராளாவது சொந்தப் பேரோட பேசணும், இல்லாட்டி அந்த அத்தியாயத்தை எடுத்துரணும்னு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அது போச்சுன்னா என் ஆய்வுல மிஞ்சுறது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

— ஒருத்தரும் அம்பிடேல்லையோ?

— ஒருத்தங்க கெடச்சாங்க. அழுது அழுது எல்லாத்தையும் சொன்னாங்க. பேரு மட்டும் போடக்கூடாதாம். ஒரே ஒரு ஆளுக்கு இது தெரியவே கூடாதாம்.

— ஆரது?

— வாக்குக் குடுத்துட்டேன். அதை மட்டும் கேக்காதீங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கவா?

— இவ்வளவு நேரமும் என்ன செய்தனீர்?

— இந்தச் சுவர்ல தொங்குறாரே தொப்பித் துரை, உங்க அம்மாவோட அப்பா...

— பறங்கித் தாத்தா. அவருக்கென்ன?

— அவர் மூக்குக்கும் உங்கம்மா மூக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே. கண்ணைப் பத்திச் சொல்லவே வேணாம்.

— மெல்லக் கதையும்!

— ஏன்? அம்மா கோயிலுக்குத்தானே போயிருக்காங்க?

— ஓம், செவ்வாய்க்கிழமை நவநாள் செபம். அதுக்காகக் கத்தோணுமே?

— நத்தாருக்கு நத்தார் அம்மா கிறிஸ்மஸ் கேக்கா புரூடர் சுடுறாங்க, பறங்கியர் வழக்கம்னு. கல்லு மாதிரி இருக்கு. யாரும் தொடுறதில்ல. நீங்க மட்டும் கேட்டு வாங்கித் தின்னுறீங்க.

— பாவம், மினக்கெட்டுச் செய்யிறா. தின்னாட்டி மனம் நோவா.

— ஒஸ்வால்ட், என்னைப் பாருங்க. யாரு அந்தத் துரை?

— தெரியாது.

— தெரியாதுன்னா?

— சத்தியமாத் தெரியாது மேனகா. ஏதோ ஸ்டூடியோவில கேப்பாரில்லாமக் கிடந்த படமாக்கும். மரித்தோர் தினத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில நிண்டு செபமும் சொல்லுறம். அந்த மனுசன் மேல இருந்து, இவை ஆரப்பா எண்டு முழிக்கும்.

— சிரிக்க வெக்காதீங்க. உங்களுக்கு எப்பத் தெரியும்?

— பத்தொன்பது வயசில. அப்ப மெய்யாவே பல்லுவலி. இப்பத்தைய டொக்டரின்ர தகப்பன் என்ர வாயைப் பாக்கேல்ல, முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டவர். அம்மாவின்ர பேர் புளோறன்ஸோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். கையில இருந்த பல்லுப் பிடுங்கிற குறட்டை வைச்சிட்டு அழத் தொடங்கிட்டார். உன்ர தாத்தாவும் என்ர அப்பாவும் ஒரே கப்பலில வந்தவை, அப்பா பல்லுப் பிடுங்கினவர், உன்ர தாத்தா சைக்கிளில துணி வித்தவர் எண்டார். அவரின்ர பேரைச் சொல்லித் தந்தார். இண்டைக்கும் அது என்ர வாயில ஒழுங்கா வராது.

— அம்மாகிட்ட கேக்கலையா?

— எப்பிடிக் கேக்கிறது? ஒரு பொம்பிளை தன்ர அப்பனை மறைச்சு, வேற ஒருத்தனைக் கொண்டந்து சுவரில மாட்டியிருக்கிறா எண்டா எவ்வளவு பட்டிருப்பா? பள்ளிக்கூடத்தில கண்ணை இழுத்துக் காட்டிச் சிரிச்சிருப்பினம். எனக்குத் தெரியும் எண்டு அறிஞ்சா அவ உடைஞ்சு போயிடுவா.

— உங்களுக்கு வெக்கமா இருக்கா?

— எனக்கோ? எனக்குப் பெருமை! வெயில் மழை பாராமல் சைக்கிள் மிதிச்சு எங்கட குடும்பத்தை நிமித்தின மனுசன். சொந்த வீட்டில அவருக்கு ஒரு மெழுகுதிரி இல்லை, மேனகா. எனக்கு அதுதான் தாங்கேலாது. அதுதான் தோடம்பழம்.

— ஐயோ. ஒஸ்வால்ட், இதை நீங்களே அம்மாகிட்ட சொல்லிருங்க. இன்னைக்கே.

— மாட்டன். நீரும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணும். உம்மட படிப்புக்காக அவவை நோகடிக்க நான் விடமாட்டன்.

— திரும்பிப் பாருங்க.

— என்ன... அம்மா! நவநாளுக்கெல்லோ போனனீங்கள்?

— குடையை விட்டிட்டுப் போனனான். எடுக்க வந்தன்.

— எவ்வளவு நேரமா நிக்கிறீங்கள்?

— உன்ர பத்தொன்பது வயசுப் பல்லுவலியில இருந்து. ராசா, அந்தத் துரையைச் சுவரிலயிருந்து இறக்கு, பாவம், அவரும் போய்த் தன்ர ஆக்களைத் தேடட்டும்.

— அம்மா, நான் உங்களை...

— அழாத. பிள்ளை மேனகா, அந்த அத்தியாயத்தில இனி என்ர பேரைப் போடுங்கோ.