எலும்பு ஒரு பெட்டி, மணி ஒரு பெட்டி

பிள்ளைகள், நாங்கள் வந்து குடியேறிய இந்த ஊரில், மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். இளையவள் மியூசியத்தில் வேலை செய்பவள்.

"அக்கா, இண்டைக்கு முழுக்க எலும்புதான் அடுக்கினனான்."

"சாப்பிடக் கொத்துரொட்டி வாங்கி மடியிலை வைச்சிருக்கிறன், உந்தக் கதையைப் பிறகு சொல்லு. சரி, ஆரின்ரை எலும்பு?"

"இந்த நாட்டுப் பழங்குடிச் சனத்தின்ரை. நூறு வருசத்துக்கும் முந்தி, இஞ்ச முதல்முதல் ஆராய்ச்சி செய்த பெரியவர் புதைகுழியளைக் கிண்டி எடுத்தவர். இப்ப அவையள் திரும்பப் புதைக்கக் கேட்டவை."

"நல்லதுதானே. பிறகேன் முகம் வாடிக்கிடக்கு?"

"அவர் கவனமான மனிசன். எலும்பெல்லாம் ஒரு பெட்டி, அதுகளோட புதைச்சிருந்த மாலைமணியெல்லாம் இன்னொரு பெட்டி எண்டு வடிவாப் பிரிச்சு வைச்சிட்டார். அந்த எலும்புகளுக்குள்ளை ஒரு சின்னப்பிள்ளை கிடக்கு. தாய் அதுக்குப் போட்டுவிட்ட மணிமாலை எதெண்டு ஒருதருக்கும் தெரியாது."

"அப்ப வெறுங்கழுத்தோடையோ அனுப்புறியள்?"

"இல்லை. கொண்டுபோக வந்த அந்தச் சனத்திலை ஒரு அம்மா, தன்ரை மாலையைக் கழற்றிப் பிள்ளையோட வைச்சவ."