இன்றைய நரிமுகம்

நரி ஊளையிட்டது. பட்டப்பகலில், கடலூரில், குளிரூட்டிய கல்யாண மண்டபத்துக்குள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கையிலிருந்த காபியைப் பட்டுப்புடவையில் கொட்டிக்கொண்டார்.

அது என் கைபேசி. அடையாளச் சத்தமாக நரியின் ஊளையைத்தான் வைத்திருந்தேன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் நாங்கள் பொருத்தியிருந்த கேமராவில் சிம் கார்டு உண்டு. எதிரே ஏதாவது அசைந்தால் படமெடுத்து என் கைபேசிக்கு அனுப்பிவிடும். வணிகர் சங்கத் தலைவர் ஆரோக்கியராஜ் மேடையில் மைக்கை எட்டிப் பிடித்து, "சாரை ராஜா கூப்புடுறாரு போலருக்கு, கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்லுங்க" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே படத்தைப் பார்த்தேன். ஓசையை நிறுத்தினேன். "தலைவன் என்பவன் கவனத்தைச் சிதற விடமாட்டான்" என்று பேச்சைத் தொடர்ந்தேன். நல்ல கைதட்டல்.

இன்ஸ்பெக்டர் ரேகா என்னிடம் நடந்ததை ஒழுங்காக எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒழுங்காக எழுதுவது எனக்குப் புதிதல்ல. நான் முனைவர் செந்தமிழ்செல்வன். வீடு செம்மண்டலம். சிதம்பரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவர். ஊர் என்னை அறிந்தது அதனால் அல்ல, ராஜாவால்.

ராஜா ஒரு நரி. முகத்துவாரத்துச் சவுக்குத் தோப்பில் வாழும் கூட்டத்தின் தலைவன். முதல் நாள் கேமராவில் அதன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அந்தப் பார்வை, அந்தக் கழுத்து நிமிர்வு. மற்ற நரிகள் ஒதுங்கி வழிவிடும். இரையில் முதல் வாய் ராஜாவுக்கு. இதை வைத்து ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். 'கூட்டத்தில் ஒருவனே மன்னன்' என்று தலைப்பு. ஜவுளிக் கடைகள், நிதி நிறுவனங்கள், நீட் பயிற்சி மையங்கள் என்று எங்கும் கூப்பிட்டார்கள். கணவன்மார்கள் மனைவிமார்களை அழைத்து வந்து கேட்கவைத்தார்கள்.

நரி முகத்தில் விழித்தால் அன்றைக்கு எல்லாம் நன்றாக நடக்கும் என்பது நம்மவர் நம்பிக்கை. காசு கொடுத்தாலும் காணக் கிடைக்காத முகத்தை நான் இலவசமாகக் கொடுத்தேன். தினமும் விடியும்போதே ராஜாவின் படம் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடும். 'இன்றைய நரிமுகம்.' கண்ணை மூடிக்கொண்டே கைபேசியைத் தடவி எடுத்து, ராஜாவின் முகத்தில்தான் கண்ணைத் திறப்பதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் படம் தாமதமானதால் எழுந்திருக்காமல் படுக்கையிலேயே கிடந்து பஸ்ஸைத் தவறவிட்ட புவனகிரிக்காரர் ஒருவர் உண்டு. படத்தின் அடிப்பாகத்தை மட்டும் வெட்டிவிடுவேன். அங்கேதான் தேதியும் கேமராவின் எண்ணும் பதிவாகும். இடம் தெரிந்தால் வலைக்காரன் வந்துவிடுவான் அல்லவா. கொஞ்சம் தாராளமாகவே வெட்டுவேன். தலைவனுக்குத் தலையும் மார்பும் போதும்.

ஆசிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகம்மது ஆசிக், என்னிடம் ஆய்வு செய்த மாணவன். பரங்கிப்பேட்டைப் பையன். வாப்பா துபாயில், வீட்டில் அம்மா நஸீமாவும் அவனும்தான். நல்ல உழைப்பாளி என்பதை மறுக்கமாட்டேன். கேமராவில் வந்த படம் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்ப்பான். அதுதான் அவனிடம் இருந்த ஒரே குறை.

ஒரு நாள் என் அறைக்கு வந்தான். "சார், இது நீங்க சொல்ற மாதிரி கூட்டம் இல்ல சார். குடும்பம். போன வருசத்துக் குட்டிங்கதான் இப்ப பெருசாகி, இந்த வருசத்துக் குட்டிங்களப் பாத்துக்குதுங்க. காலொடிஞ்ச கிழட்டு நரி ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்கே நண்டு புடிச்சாந்து குடுக்குதுங்க சார். சண்டையே ஜாஸ்தி இல்ல."

"அப்படியென்றால் ராஜா யார்?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் நெளிந்தான். "அதத்தான் சார் சொல்ல வந்தேன். இந்தப் படத்த ஒரே ஒரு தடவ பாருங்களேன். முழுசாப் பாருங்க."

நான் பார்க்கவில்லை. நெறியாளர் மாணவனின் எல்லாப் படங்களையும் பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "முதலில் உன் முடிவுகளைத் திருத்து, பிறகு படத்தைப் பார்க்கலாம்" என்றேன். அவன் சிரித்தபடி, "படத்த எப்புடி சார் திருத்துறது?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் கருத்தரங்கு. ஆசிக் அதில் கட்டுரை வாசிப்பதாகப் பெயர் கொடுத்திருந்தான். அந்தப் படத்தைத் திரையில் காட்டப்போவதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். அது என்ன படமாக இருந்தாலும், காட்டியபின் சபை சிரிக்கும் என்பதை அவன் நண்பர்களின் முகத்திலேயே கண்டுகொண்டேன். யோசித்துப் பாருங்கள். என் புத்தகம் அச்சில் இருந்தது. காலையில் ராஜாவின் முகத்தில் விழிக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் நம்பிக்கை இருந்தது. ஒரு பையனின் ஒரு படத்துக்காக இவ்வளவு பேரை ஏமாற்றமடையச் செய்வது நியாயமா?

காட்டில் நடப்பதில் ஆய்வாளர் தலையிடக் கூடாது. முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுப்பேன். ஆசிக் இதில் பலவீனமானவன். ஒருமுறை கிழிந்த மீன்வலையில் ஒரு குட்டி சிக்கிக் கத்திக்கொண்டிருந்தபோது, கத்தியை எடுத்துப் போய் அறுத்துவிட்டான். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். "பாத்துக்கிட்டு எப்புடி சார் சும்மா இருக்குறது?" என்றான். முடியும் ஆசிக். பயிற்சி வேண்டும், அவ்வளவுதான்.

சவுக்குத் தோப்புக்குப் போக ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். தண்ணீர் வடிந்த நேரத்தில் அது வெறும் சேற்றுப் பள்ளம். அதில் ஒரே ஓர் இடத்தில்தான் அடியில் மணல், கால் நிற்கும். மற்ற இடமெல்லாம் இடுப்பளவு இழுத்துக்கொள்ளும். சேறு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். கடைசியாகப் போய் வந்தவர், மணல் இருக்கும் இடத்துக்கு நேரே எதிர்க்கரை மரத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அடுத்துப் போகிறவர் கேள்வி கேட்காமல் துணியைப் பார்த்து நடக்க வேண்டும். ஒருவர் கட்டியதை இன்னொருவர் சந்தேகிக்கக் கூடாது. நானே வகுத்த முறை.

அன்றைக்குத் தோப்போரத்தில் ஓடையைப் பார்த்தபடி இருந்த கேமராவின் பேட்டரியை மாற்ற ஆசிக் தனியாகப் போனான். நான்தான் அனுப்பினேன். முதல் படத்தில் முழங்காலுக்கு மேல் சேற்றில் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். மண்டபத்தில் நரி ஊளையிட்டது இந்தப் படத்துக்குத்தான். அடுத்ததில் சிரிப்பில்லை. கைபேசியைப் பையோடு கரையோரக் கிளையில் மாட்டிவிட்டு இறங்கியிருந்தான். கேமராவைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினான். அது அனுப்பும் ஒவ்வொரு படமும் என் கைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். கெட்டிக்காரத்தனமான யோசனை, பாராட்டத்தான் வேண்டும். பிறகு தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அதன்பின் கைகூப்பினான். ஒரு படத்தில் வாய் திறந்திருந்தது. "சார்" என்று சொல்லியிருப்பான். மரியாதை தெரிந்த பையன். பின்னால் ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நான் 'வீழ்ந்தவனைத் திரும்பிப் பார்க்காதே' என்ற பகுதியை முடித்து, கேள்வி பதிலுக்குப் போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். மதியம் பிரியாணி, உப்பு கொஞ்சம் தூக்கல். கைபேசியை மறுபடி எடுத்தபோது கடைசிப் படங்களில் ஓடை நிறைந்து, நிதானமாக இருந்தது.

எனக்குச் சங்கடம் மறுநாள் விடியலில்தான் வந்தது. நரிமுகத்துக்காக ஊர் கண்ணை மூடிக் காத்திருக்கும். மற்ற கேமராக்களில் ராஜா வரவில்லை. இந்தக் கேமராவில் மட்டும் வந்திருந்தது. கேமராவுக்கு எதிரே, ஓடைக்கரை மேட்டில், விடியலின் முதல் வெளிச்சத்தில், தலை நிமிர்ந்து. அப்படி ஒரு படம் இத்தனை வருடத்தில் அமைந்ததில்லை. வழக்கம்போல அடிப்பாகத்தை வெட்டிப் போட்டேன். ஆசிக்கைத் தேடி வந்தவர்களிடம் அந்தக் கேமரா பழுதாகி ஒரு வாரம் ஆகிறது, அவன் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டான் என்று சொல்லியிருந்தேன். அது தனி விஷயம், இது தனி விஷயம் என்று அப்போது தோன்றியது. எல்லோருக்கும் முன்னால் நான் ஓடைக்குப் போய், மரக்கிளையில் மாட்டியிருந்த அவன் பையையும் சிவப்புத் துணியையும் எடுத்துவந்தேன். பையை இன்றுவரை திறக்கவில்லை. பிறர் பொருளைத் திறக்கும் பழக்கம் எனக்கில்லை.

ஆசிக் சில நாள் கழித்து ஆற்றோரம் கிடைத்தான். விபத்து என்றார்கள். இரங்கல் கூட்டத்தில் நான் பேசியதைக் கேட்டு நஸீமாவே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கெடுத்தது ஆரோக்கியராஜின் அன்பு. அவருக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கும் அச்சகம் இருக்கிறது. அந்தக் காலைப் படம் அவருக்கு மிகவும் பிடித்துப்போய், என்னைக் கேட்காமலேயே என் புத்தக வெளியீட்டுக்கு இருபதடி உயரத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து, சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டிவிட்டார். கைபேசியில் கடுகளவு இருந்தது இருபதடியில் பூசணிக்காய் ஆகிவிடும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. ராஜாவின் காதுக்கு மேலே, சுரபுன்னை மரக்கிளையில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பை தொங்கியது.

நஸீமா பஸ்ஸை விட்டு இறங்கியவர் அங்கேயே நின்றுவிட்டாராம். பிறகு நேராக ஸ்டேஷனுக்கு வந்து, "அது எம்புள்ள பைம்மா. அவுங்க வாப்பா துபாயிலேருந்து குடுத்துவுட்டது. அன்னைக்குத்தான் மொத மொத மாட்டிக்கிட்டுப் போனான். அந்தக் கேமரா கெட்டுப்போச்சுன்னு அந்த சார் சொன்னாரே, அப்ப இந்தப் படத்த எடுத்தது யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. நான் மறுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ரேகா என்னிடம், படங்களைப் பார்த்தும் ஏன் யாரையும் அழைக்கவில்லை என்று மட்டும்தான் கேட்டார். தலையிடாமைக் கொள்கையை விளக்கினேன். சேற்றில் எப்படிச் சிக்கினான் என்று அவர் கேட்கவே இல்லை. ஆனால் ஒழுங்காக எழுதச் சொன்னாரே. ஆகவே இதையும் எழுதுகிறேன். அவன் போனதற்கு முந்தின நாள் மாலை நான் தனியாகப் போய், சிவப்புத் துணியை அவிழ்த்து, சேறு மிக ஆழமாக இருந்த இடத்துக்கு நேரே கட்டினேன். முடிச்சு உறுதியாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தேன்.

எழுதியதைக் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காகிதத்தை மடித்து வைத்தார்.

"என்னைப் பற்றி நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். "ராஜாவைப் பற்றி மட்டும் தவறாக வரக் கூடாது. ஆசிக்கின் கட்டுரை வந்திருந்தால் அதைக் கேலிப்பொருளாக்கியிருக்கும். நான் செய்தது அந்தக் கம்பீரத்தைக் காப்பாற்றத்தான். நீங்களே பாருங்கள். தலைவன் என்றால் அப்படி நிற்க வேண்டும்."

"நானும் தெனமும் உங்க ஸ்டேட்டஸ்ல முழிக்கிறவதான் சார்" என்றார் அவர்.

மேசையிலிருந்த என் கைபேசியை எடுத்து, அந்தக் காலைப் படத்தைத் தேடித் திறந்தார். நான் வெட்டிப்போட்டதை அல்ல, கேமரா அனுப்பிய முழுப் படத்தை. இரண்டு விரலால் கீழ்ப்பக்கத்தைப் பெரிதாக்கினார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"முழுசாப் பாருங்க சார். உங்க ராஜா நாலு குட்டிக்குப் பால் குடுத்துக்கிட்டு நிக்குறா."