கொஞ்சுற குரல்

— அப்ப நாங்க புள்ளையை அடிக்கிறோம்னு சொல்றீங்களா டீச்சர்?

— நான் அப்படிச் சொல்லலை சார். ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல சிட்டுகிட்ட யாரு கொஞ்சிப் பேசுவீங்க?

— பெத்த புள்ளையைக் கொஞ்சுறது குத்தமா? நல்லா இருக்கே நியாயம்!

— கோவப்படாதீங்கம்மா. நேத்து, 'சபாஷ் கண்ணு, எல்லாக் கணக்கும் சரி'ன்னு முதுகுல தட்டிக் கொடுத்தேன். பெஞ்சுக்கு அடியில போய் உக்காந்துட்டா. வெளிய வர அரை மணி நேரம் ஆச்சு. நம்ம ஸ்கூல் வேன் டிரைவர் இடி மாதிரி கத்துவாரு, அவர்கிட்ட மட்டும் ஓடிப் போய் ஒட்டிக்கிறா.

— அப்ப அந்த டிரைவரை விசாரிங்க!

— விசாரிச்சாச்சு சார். 'பையை மறந்துட்டியா, மழையில நனையாதே'ன்னுதான் கத்துறாரு. தங்கமான மனுஷன். இந்த மூஞ்சிப் படங்களைப் பாருங்க. 'பந்து மேசை மேல இருக்கு'ன்னு ஒரே பேச்சை நாலு விதமாப் பேசிக் காட்டுவேன். புள்ளைங்க அதுக்கேத்த மூஞ்சியை எடுத்து வைக்கணும். ஏழு வயசுல ஒண்ணு ரெண்டு தப்பு வரும். இவ எத்தனை தடவை கேட்டாலும் கத்துற குரலுக்குச் சிரிக்கிற மூஞ்சி. கொஞ்சுற குரலுக்கு...

— அழுற மூஞ்சி.

— ஆமாம்மா. நாளைக்குத் தலைமை ஆசிரியருக்கு நான் எழுதிக் கொடுத்தாகணும்.

— சத்தியமாச் சொல்றேன் டீச்சர், மிஷின் ஷெட்ல நாள் பூரா கத்துறவன் நான். வீட்ல குரல் உசத்தினதே இல்லை. பக்கத்து வீட்ல கேளுங்க.

— பக்கத்து வீட்டம்மா இங்க படிக்கிற பையனைக் கூப்பிட வந்தப்ப கேட்டேன். 'புருஷனும் பொண்டாட்டியும் தேன் ஒழுகப் பேசிக்குவாங்க'ன்னாங்க. அப்பதான் எனக்குச் சந்தேகமே வலுத்துச்சு.

— ராஜா, யாரு ஆரம்பிச்சு வெச்சதுன்னு சொல்லிடுங்களேன்.

— தங்கம், உன் வாயை மூடிக்கிட்டு இருந்தா கோடிப் புண்ணியம் உனக்கு.

— சார்... இப்ப என்ன சொன்னீங்க? தாலாட்டுற மாதிரி குழைஞ்சு, சிரிச்சுக்கிட்டே...

— பழக்க தோஷம் டீச்சர்.

— இவரு சொல்லமாட்டாரு, நான் சொல்றேன். கைக்குழந்தையில நாங்க கத்தினா வீல்னு அழுவா. வார்த்தையா புரியும் அந்த வயசுல? குரல்தானே புரியும்? அதனால, சண்டைன்னா கொஞ்சுற குரல்லதான்னு பேசி வெச்சுக்கிட்டோம். 'கண்ணே, உன் மூஞ்சியில முழிச்சா வெளங்குமா'ம்பாரு இவரு. 'ராஜா, நீங்க ஒழிஞ்சாத்தான் எனக்கு விடிவு'ம்பேன் நான். அது பொக்கை வாயைத் தொறந்து சிரிக்கும்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன... நிறுத்த மறந்துட்டோம்.

— அடப் பாவமே! அவளுக்கு வார்த்தை புரிய ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சேம்மா! ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெஞ்சுக்கு அடியில போறது போன வாரத்துலேர்ந்துதான். வீட்ல புதுசா என்ன நடந்துச்சு?

— ஒண்ணுமில்லையே.

— சார், என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— வக்கீலைப் பாத்துட்டு வந்தோம். ஆனா அது அவளுக்குத் தெரியவே தெரியாது. சத்தியமா.

— பக்கத்துல பொம்மை வெச்சு விளையாடிட்டு இருந்தா டீச்சர். நாங்க மெதுவாத்தான் பேசினோம்.

— எந்தக் குரல்ல பேசினீங்க? ரெண்டு பேரும் ஏன் தரையைப் பாக்குறீங்க? இருங்க, வராந்தாவுலதான் நிக்கிறா. சிட்டு! உள்ள வா.

— வாடா செல்லம். ஏன் அங்கேயே நிக்கிற? அம்மாகிட்ட வாடா தங்கம். நாம வீட்டுக்குப் போகலாமா?

— எந்த வீட்டுக்கு? அம்மா வீட்டுக்கா, அப்பா வீட்டுக்கா?