தப்பிய பந்துக்கு ஐந்து உள்ளி

நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு டீச்சர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“எங்க வீட்டுக்காரவிய கோல்ஃப் பந்து குறி தப்புனாத்தான் குழம்புக்குச் சின்ன உள்ளி உரிப்பாவ.”

“என்னளா சொல்லுத?”

“ஞாயித்துக்கிழமை புது மேனேஜரோட ஆடணுமாம். போன தடவ மட்டையச் சுழட்டுனதுல அவரு தொப்பி பறந்துட்டு. அந்தப் பயத்துல தினமும் கடக்கரைக்குப் போயி நூறு பந்து தூரமா அடிச்சாவ. ஒண்ணும் தேறல.”

“பொறவு?”

“கிட்டத்துல நின்னு குழியில தள்ளத்தான் அவியளுக்குத் தெரியல. அதான் வீட்டுக்குள்ளயே ஒரு டம்ளரப் படுக்க வச்சேன். தினமும் பத்துப் பந்து. ஒண்ணு தப்புனா அஞ்சு உள்ளி உரிக்கணும்.”

“உரிச்சாவளா?”

“மொத நாளு அம்பது உள்ளி. அழுதுக்கிட்டே உரிச்சாவ. நேத்து பத்துப் பந்தும் டம்ளருக்குள்ள போயிட்டு. நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்காவ.”

“நல்லதுதான! பொறவு ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்க?”

“நேத்து உள்ளி பூரா நான்லா உரிச்சேன்! அதான் இன்னைக்கு டம்ளர வாசப்படி வரைக்கும் தள்ளி வச்சிட்டு வந்திருக்கேன்.”