தலைவிக்கு இரண்டு பெட்டி மீன்

தாரைவினி: ...அந்தச் சட்டையை ஏன்டி மடிச்சு என் மடியில வைக்கிற? ஹோட்டல் லாண்டரியில ஊரார் போர்வையெல்லாம் வெளுக்கிறவ, உன் சட்டையை நான் தோய்க்கணுமா?

ராஜியேலி: தோய்ச்சுதான் கொண்டு வந்திருக்கேன், மதினி. உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்க. ரக்பி சங்கத்துல சேர்த்துடுவார்.

தாரைவினி: விளையாடாதே! திங்கக்கிழமை உங்க டீம் விமானம் ஏறுது. தலைவியே சட்டையைக் கழட்டிக் குடுத்தா...

ராஜியேலி: வேற தலைவியைப் பாத்துக்கட்டும்.

தாரைவினி: அடியே நாத்தனாரே, போன மாசம் கோப்பையோட வந்தது நீங்க. ஆம்பளைங்க டீம் முதல் சுத்துலயே மண்ணைக் கவ்விட்டு வந்துச்சு. அதுக்குத் தலைவர் எங்க வீட்டு மகராசன்! அவரே கூச்சமில்லாம சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியறார், நீ என்னடான்னா...

ராஜியேலி: மெதுவா, மதினி. அவர் காதுல விழப்போகுது.

தாரைவினி: அவர் எங்க இங்க... கடலுக்குப் போயிருக்கார். நீ பேசு.

ராஜியேலி: இருந்தாலும் என்ன? பெரியவளானதுலேர்ந்து அண்ணன்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினதில்ல. நீங்கதானே எங்க ரெண்டு பேருக்கும் வாய்.

தாரைவினி: ஊர்ல எல்லா அண்ணன் தங்கைக்கும் அதே வழக்கம்தானே. சரி, வாய் கேக்குது, காரணத்தைச் சொல்லு. லீவு குடுக்கலையா?

ராஜியேலி: சம்பளமில்லாம குடுக்கிறாங்க. அதெல்லாம் எப்பவோ பழகிடுச்சு.

தாரைவினி: பின்னே... நௌசோரி பாலத்துக்கிட்ட வச்சிருக்கிற விளம்பரப் பலகையா?

ராஜியேலி: பாத்தீங்களா?

தாரைவினி: பாக்காம? டின் மீன் விளம்பரத்துல உங்க அண்ணன் பக்கத்துல ராணி மாதிரி நிக்கிற. காதுல செம்பருத்தி வேற!

ராஜியேலி: பந்தை அவர் கையில குடுத்தாங்க. என் கையில தட்டு. பரிமாறுற மாதிரி நில்லுன்னாங்க. அவருக்கு மாசாமாசம் பணம், வாசல்ல நிக்கிற அந்த வண்டி. எனக்கு ரெண்டு பெட்டி மீன்.

தாரைவினி: கம்பெனிக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, வேறென்ன...

ராஜியேலி: கம்பெனிக்காரனுக்கா?

தாரைவினி: ...ஆமா. வேற யாருக்கு?

ராஜியேலி: ஏன் தரையைப் பாத்துப் பேசறீங்க?

தாரைவினி: பாயில எறும்பு... டீ போடவா?

ராஜியேலி: வேண்டாம். டீம் பொண்ணுங்க என்னைச் சுத்தி உக்காந்து கேட்டாங்க, மதினி. "உனக்கே மீன்தான்னா எங்களுக்கு என்னக்கா வரும்?"னு.

தாரைவினி: நீ என்ன சொன்னே?

ராஜியேலி: அதை விடுங்க.

தாரைவினி: இதுக்கு மேல என்னால மறைக்க முடியல... ஏங்க! திரைக்குப் பின்னாடி இன்னும் எவ்வளவு நேரம் நிப்பீங்க? வெளிய வாங்க! இனிமே நான் யாருக்கும் வாயா இருக்க மாட்டேன்.

ராஜியேலி: கடலுக்குப் போயிருக்கார்னீங்களே!

பெதேலி: ராஜியேலி...

ராஜியேலி: ஐயோ மதினி, என் பேரைச் சொல்லிக் கூப்பிடறார்!

பெதேலி: கூப்பிடத்தான் வேணும். கேளு. கம்பெனிக்காரங்க நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொகைதான் கொண்டு வந்தாங்க. அண்ணன்னு உனக்கும் சேர்த்து என்கிட்டதான் பேசினாங்க. நான்... பொம்பளைங்க ஆட்டம் பொழுதுபோக்கு, அவளுக்கு மீனே போதும்னுட்டேன். உன் பங்கையும் என் பேர்லயே போடச் சொன்னேன். அந்த வண்டி அதுல வந்ததுதான்.

தாரைவினி: எனக்கும் தெரியும்டி. தெரிஞ்சுதான் ஞாயித்துக்கிழமையெல்லாம் அதுல ஏறி சர்ச்சுக்குப் போறேன்.

பெதேலி: தினமும் சொல்லிடணும்னு நினைப்பேன். அப்புறம், தங்கச்சிகிட்டதான் பேசக் கூடாதேன்னு... அந்த வழக்கம் எனக்கு வசதியாப் போச்சு. வண்டியை வித்துத் தர்றேன். நீ விமானம் ஏறும்மா.

ராஜியேலி: மதினி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. எனக்கு இது அன்னிக்கே தெரியும், படம் எடுத்த பொண்ணு சொல்லிட்டா. டீம் கேட்டப்போ அண்ணன் பேரை எடுக்க நாக்கு எழல. "நான்தான் பணம் வேண்டாம்னேன், நாட்டுக்காக ஆடறோம், காசு எதுக்கு?"ன்னு பெருமையாச் சொல்லிட்டேன். அதை நம்பி, சங்கம் முதல்முறையாக் குடுக்க வந்த ஆட்டச் சம்பளத்தை, அத்தனை பொண்ணுங்களும் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க... "அக்கா வழிதான் எங்க வழி"யாம்.